வாங்காமல் விட்டவை

பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டி எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். தொட்டில் வாங்கக் கூடாது, புதுச்சட்டை தைக்கக் கூடாது, பேர் பேசக் கூடாது. பிறந்த உடம்பில் முதலில் சுற்றுவது பழந்துணி. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. நல்லபடியாக வாழ்ந்த ஒருவர் உடுத்தியதாக இருந்தால் இன்னும் விசேஷம். புதுத்துணியெல்லாம் தீட்டுக் கழிந்து, தொட்டிலில் போடும் நாளுக்குத்தான். காரணம் கேட்டால், புதுத்துணி மேலுக்கு உறுத்தும் என்பார்கள். அது உண்மை. கஞ்சி போகாத துணி பச்சை உடம்பைச் சிவக்க வைக்கும். சரி, வாங்கித் துவைத்து வைத்தால் என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வராது, முகம் மாறும். அந்த முகமாற்றத்தைச் சின்ன வயதிலிருந்து பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இப்போது தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கையில், என்னை விடாமல் நச்சரிப்பது அதுதான். வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே விஷயத்தைச் சொல்லாமல் இருக்கிறோம். நானும்தான்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நிலைமை நேர் எதிர். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததுமே, “லிஸ்ட் போட்டாச்சா?” என்றுதான் கேட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்கள் தங்களுடைய பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சுற்றும் துணி எத்தனை, டயப்பர் எந்த அளவு, நகவெட்டி, பால்புட்டியைச் சுத்தம் செய்யும் கருவி, கொசுவலை, ஆஸ்பத்திரிப் பையில் எது மேலே எது அடியில் என்பதுவரை. எல்லாம் அன்போடு அனுப்பியவை. ராத்திரி தூக்கம் வராதபோது அவற்றைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் பதற்றமும் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் தடைக்குள் இருக்கும் பதற்றமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டால் எதுவும் தப்பாகாது என்று அங்கே நம்புகிறார்கள். எதையும் வாங்காமல் இருந்தால் எதுவும் தப்பாகாது என்று இங்கே நம்புகிறார்கள். பிள்ளைக்கும் நமக்கும் நடுவில் ஒரு பொருளைக் காவலுக்கு வைக்கிறோம். ஓரிடத்தில் அந்தப் பொருள் இருந்து காக்கிறது, இன்னோரிடத்தில் இல்லாமல் இருந்து காக்கிறது. இரண்டு இடத்திலும், “உனக்குப் பயமாக இருக்கிறதா?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இந்தத் தடையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது அப்படியொன்றும் மறைந்து கிடக்கவில்லை. 1951இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன என்கிறது அரசுக் கணக்கு. அதாவது ஏழில் ஒன்று. ஒரு தெருவில் ஏழு வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வீட்டில் தொட்டில் சீலையை அவிழ்த்து மடித்து வைத்தார்கள். அதற்கும் முந்திய காலம் இன்னும் கொடியது. அப்படிப்பட்ட ஊர்களில்தான் முதல் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் உருட்டி எடுத்துக் குப்பை என்றும் குப்பம்மாள் என்றும் பேர் வைத்தார்கள். மடியேந்திப் பிச்சை என்று பேர் வைத்தார்கள். தவிட்டைக் கொடுத்து வேறொருத்தியிடமிருந்து தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றார்கள். என் அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் பேர் என்று அம்மா சொல்வாள். அந்தப் பேர்களைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு சின்னக் குழி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது. எமன் விரும்பாதபடி பிள்ளையை அழுக்காக்கிக் காட்டிய தாய்மார்கள் அவர்கள். ஆசையை வெளியே காட்டினால் பறிபோகும் என்று அஞ்சி, ஆசையை ஒளித்து வளர்த்தவர்கள்.

கொஞ்சம் உன்னித்துப் பார்த்தால் நம் இலக்கியமும் இந்த எச்சரிக்கையோடுதான் நடந்திருக்கிறது. குழந்தையைக் கொண்டாடவென்றே பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை வைத்திருக்கும் மொழி இது. எங்கள் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பாடினார். பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் அந்த நூல்கள் பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை. பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரைதான் எல்லை வகுத்திருக்கின்றன. முதல் பருவம் காப்பு. திருமால் முதலான தெய்வங்களை வரிசையாக அழைத்துப் பிள்ளையைக் காக்கச் சொல்வது. அப்படி அழைக்கும்போது அந்தத் தெய்வங்கள் செய்த கொலைகளைச் சொல்லக் கூடாது என்பதும் இலக்கணம். பாட்டுடைத் தலைவர் கடவுளாகவே இருந்தாலும் சரி, தொட்டிலுக்குப் பக்கத்தில் சாவின் பேச்சு வரக் கூடாது. சாகாத மீனாட்சிக்கும் முருகனுக்குமே இவ்வளவு கவனம் வேண்டியிருந்தது. பிறந்த முதல் இரண்டு மாதங்களைப் பற்றி ஏன் பாட்டு இல்லை என்பதற்குப் புலவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். முகம் நின்று பார்க்காத, கழுத்து நிற்காத பிள்ளையிடம் பாடுவதற்குச் செயல் எதுவும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஆச்சியின் வீட்டில் வளர்ந்த எனக்கு, பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் பாட்டு என்று அதைப் படிக்கத் தோன்றுகிறது.

வீடு இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருக்க, அரசாங்கம் என் பிள்ளையை எப்போதோ எண்ணிக்கொண்டுவிட்டது. மாதவிலக்குத் தள்ளிப்போய்ச் சில வாரங்களிலேயே சுகாதாரச் செவிலியர் விவரம் எழுதிக்கொண்டு போய், கர்ப்பிணிகளுக்கான பிக்மி என்ற அரசுப் பதிவில் பதிந்து, 12 இலக்க எண் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழ் போடும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள், அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள் என்றார். பேர் வைக்கப்படாத, வைக்கவும் பேசப்படாத ஒன்றுக்கு எண் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்தில், “ப்ரைமியா?” என்று கேட்டு அதை ஃபைலின் மேலே எழுதுவார்கள். முதல் பிரசவம் என்பதற்கு அங்கே அதுதான் பேர். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணிநேரம் குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஐந்தாம் மாதத்தில் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ஸ்கேன். இவை எல்லாமே அபாயத்தைப் பேர் சொல்லி அழைத்து, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலைகள். தமிழ்நாட்டில் சிசு மரணம் 2020இல் ஆயிரத்துக்கு 13 ஆகக் குறைந்தது இந்த ஃபைல்களால்தான். ஆச்சி சொல்லக் கூடாது என்று நினைத்ததையெல்லாம் அங்கே கட்டம் போட்டு அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களில் டிக் விழும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நிம்மதி அடுத்த பரிசோதனைவரை நீடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அங்கும் ஒரு மௌனம் உண்டு. ஸ்கேன் அறைக்கு வெளியே, குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறது. 1994இல் வந்த சட்டம். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி உருட்டிக்கொண்டே டாக்டர் பேசுவார்: இது முதுகெலும்பு, இது இதயத்தின் நாலு அறை, இது தொடை எலும்பு, அளவு சரியாக இருக்கிறது. சாம்பல் நிறத் திரையில் எனக்கு எதுவும் பிடிபடாது. அவர் சொன்ன பிறகு பார்த்தால் எலும்பு எலும்பாகவே தெரியும். ஓரிடத்தில் மட்டும் கருவி நிற்காமல் தாண்டிப் போகும், பேச்சும் தாண்டிப் போகும். அந்தத் தாண்டலை நான் மதிக்கிறேன். பெண் என்று தெரிந்ததும் கலைத்தவர்களின் ஊர் இது என்பதால் சட்டம் வாயைக் கட்டியிருக்கிறது. அந்த மௌனம் பிள்ளையைக் காப்பதற்கானது. ஆச்சியின் மௌனம் யாரைக் காப்பதற்கு? பிள்ளைக்கு அதனால் எதுவும் ஆகப் போவதில்லை. வாங்காத சட்டையால் எந்த உயிரும் நின்றதில்லை. அது தாயைக் காப்பதற்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால், வெறும் தொட்டிலையும் மடித்து வைத்த சட்டைகளையும் பார்த்து அவள் துடிக்கக் கூடாது என்பதற்காக, முன்னவர்கள் அவளுக்குச் செய்து வைத்த தயவு என்று. அப்படி நினைத்ததில் ஒரு அழகும் இருந்தது.

இதற்கிடையில் உள்ளே ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பேச்சுக்கும் அது காத்திருக்கவில்லை. முதல் அசைவு வந்தபோது வாயு என்றுதான் நினைத்தேன். அடிவயிற்றில் ஒரு குமிழி வந்து உடைந்த மாதிரி. மறுநாள் அதே இடத்தில் திரும்ப வந்தபோதுதான் தெரிந்தது. முன்காலத்துப் பெண்களுக்கு உறுதியான செய்தியே இதுதான். எனக்கோ ஃபைலும் திரையும் சொல்லி முடித்த பிறகு வந்தது. அறிமுகமானவர் வீட்டுக்கு வந்து தானே பேர் சொன்னதுபோல என்று எழுத நினைத்தேன், அப்படி இல்லை. திரை சொன்னதை நான் நம்பியிருந்தேன், அவ்வளவுதான். இதை நம்பவேண்டிய அவசியமே இல்லை. இப்போது எட்டாம் மாதத்தில் விலா எலும்புக்கு அடியில் குதிகால் வந்து முட்டுகிறது, விரலை வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்கிறது. விக்கல் எடுக்கிறது, வயிறு ஒரே தாளத்தில் துள்ளுகிறது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணும்போதுதான் பயமே வருகிறது. ஒன்று வந்து அடுத்தது வரும்வரை இருக்கும் இடைவெளியில் மின்விசிறிச் சத்தமும் தெருநாயின் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பேன். அசையும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மா இருட்டிலேயே, “அசையுதா?” என்பாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். “ம்” என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

வளைகாப்பும் அப்படித்தான் கழிந்தது. முதலில் வேப்பங்கொழுந்தைச் சுற்றிக் காப்புப் போட்டு, பிறகு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், புளியோதரை, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு. வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும், அதற்குத்தான் இந்தச் சடங்கு என்று படித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். ஆறாம் மாதவாக்கில் சிசு சத்தத்துக்கு அசைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வேப்பிலையைப் பார்த்த யாருக்கும் தெரியும், இது கச்சேரி வைக்கும் சடங்கு இல்லை, காவல் வைக்கும் சடங்கு. இன்னொன்றையும் அன்று பார்த்தேன். எனக்கு அக்கா முறை வேண்டியவள் ஒருத்தி, ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், கூடத்துக்கு வராமல் அடுக்களையிலேயே சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. வந்து வளையல் போடாத குறையை அவள் கை வேலையாக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவளைக் கூப்பிட்டேன். வந்து போட்டாள். போடும்போது அவள் விரல் என் மணிக்கட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது. அவளுடைய பிள்ளையைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளும் எதுவும் வாங்கி வைத்திருக்கமாட்டாள்.

போன வாரம் ஆச்சி டிரங்குப்பெட்டியைத் திறந்து தாத்தாவின் எட்டு முழ வேட்டிகளை எடுத்தாள். எண்பதைத் தாண்டியும் வாழ்ந்தவர் தாத்தா, அதனால் அது ராசியான துணி. திண்ணை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து இற்றுப்போன இடத்தைப் பார்த்தாள். “கரை உறுத்தும்ட்டி” என்று சொல்லி முதலில் கரையைக் கத்தரியால் வெட்டித் தள்ளினாள். பிறகு ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். நூல் போக்கிலேயே நேராகக் கிழிந்தது. கிழித்த துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் அடுக்கினாள். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி மொட்டை மாடிக் கொடியில் போடவேண்டும். கேட்டேன்: “எதுவும் எடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு இத மட்டும் செய்யலாமா ஆச்சி?” “இது பழசுதானட்டி. ஆகலைன்னா கரித்துணிக்கு ஆகும்” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டிருக்கவேண்டும், கை நின்றது. பழந்துணியின் முழு அர்த்தமும் அந்த வாக்கியத்தில் இருந்தது. பிள்ளை வந்தால் பிள்ளைக்கு. வராவிட்டால் அடுப்படிக்கு. எதற்காகக் கிழித்தோம் என்று அது யாரிடமும் சொல்லாது. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி தானாகவே சொன்னாள், அம்மாவுக்கு முன்னால் ஒன்று என்று. பிறக்கும்போதே உயிர் இல்லை. பார்க்க விடவில்லை, அப்படியே கொண்டுபோய் வாய்க்கால் பக்கம் புதைத்துவிட்டு வந்தார்கள். “ஒண்ணும் வாங்கி வைக்கலட்டி. வாங்கி வச்சிருந்தா அதையாவது பாத்துக்கிட்டு கெடந்திருப்பேன்.” அம்மாவுக்கே இது அன்றைக்குத்தான் தெரியும்.

துக்கம் தாங்காமல் போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு, துக்கத்தை ஒரு சுண்டுவிரல் அளவுகூடக் குறைக்கவில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆச்சி அறுபது வருடமாக ஒருத்தியாக அதைச் சுமந்திருக்கிறாள். பிள்ளையைப் புதைப்பதோடு சரி, கருமாதி இல்லை, பேர் இல்லை, படையல் இல்லை. 1969இல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இறந்தே பிறக்கும் குழந்தையையும் பதியவேண்டும் என்கிறது. ஆச்சியின் பிள்ளை அதற்கும் முந்தியது, எந்த ஏட்டிலும் இல்லை. புறநானூற்றின் 74ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் கிடந்து பாடியது. இறந்தே பிறந்தாலும், உருவமில்லாத தசையாகவே பிறந்தாலும், அது ஆள் இல்லை என்று விட்டுவிடாமல் வாளால் வெட்டிப் புதைக்கும் வழக்கத்தை அதில் சொல்கிறான். அந்த வாளை என்னால் நினைத்துக்கூடப் பார்க்கமுடியவில்லை. அதைப் பெற்றவளின் காதில் அந்தச் சத்தம் எப்படி விழுந்திருக்கும்? ஆனாலும் அந்தக் கொடுமைக்குள் ஒரு மரியாதை ஒளிந்திருக்கிறது: மூச்சு விடாத ஒன்றையும் அவர்கள் வந்துபோன ஆளாக எண்ணினார்கள். நாம் வாளை விட்டுவிட்டோம், நல்லது. அதோடு அந்த எண்ணிக்கையையும் விட்டுவிட்டோம். பிழைத்த பிறகுதான் ஆள், அதுவரை வயிறு என்றாகிவிட்டது.

ஆகவே நான் ஒரு சட்டை தைத்து வைக்கப்போகிறேன். மல் துணியில், முன்பக்கம் நாடா வைத்து, பிசிறு வெளிப்பக்கம் இருக்கும்படி. பட்டியலில் இருக்கிறது என்பதற்காக இல்லை, ராசி பார்த்தும் இல்லை. என் விரலை உள்ளே இருந்து முட்டுகிற ஒருவரை, தங்கும் என்று உத்தரவாதம் கிடைத்த பிறகுதான் வரவேற்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆச்சி கிழித்து வைத்த வேட்டியும் பெட்டியில் இருக்கும். அந்த மென்மைக்கு ஈடாக எந்தக் கடையிலும் துணி கிடைக்காது, அதில்தான் முதலில் சுற்றுவோம். எனக்கு இப்படிச் செய்யத் துணிவு வந்திருக்கிறது என்றால் அது என் நெஞ்சுரம் இல்லை. அன்றைக்கு நாடெங்கும் 146 என்றிருந்த எண் இங்கே 13 ஆவதற்காக வெயிலில் வீடு வீடாக நடந்த செவிலியர்களும், மாத்திரை அட்டையும், ரத்தப் பரிசோதனையும் கொடுத்த துணிவு. அது கையில் இல்லாதவளிடம் போய், ஏன் பயந்தாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் 13 என்பது பூஜ்யம் இல்லை. அந்த எண்ணுக்குள்ளும் அதற்கு வெளியிலும், பிறந்தும் பிறக்காமலும் போனவற்றின் தாய்மார்கள் அடுக்களையில் சோறு கிளறிக்கொண்டு நிற்கிறார்கள். சாவு குறைந்திருக்கிறது, அதைப் பற்றிய வாய்க்கட்டு குறையவில்லை. இனிமேல் தலைப்பிள்ளை உண்டாகியிருக்கும் ஒருத்தியைப் பார்த்தால், என்ன வாங்கினாய், எப்போது தேதி என்று கேட்பதற்கு முன்னால், பயமாக இருக்கிறதா என்று கேட்பேன். இழந்தவளைப் பார்த்தால் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பேன். அவளுக்குப் பேசப் பிடிக்காமல் போகலாம். அது அவள் எடுக்கவேண்டிய முடிவு. அவளுக்காக அந்த முடிவை நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்துவிட்டு, அதற்கு வழக்கம் என்று பேர் வைத்தது போதும்.